பெட்டிக்குள் நூற்றொரு டிகிரி

“நாள் தாண்டிப்போச்சுன்னா அப்பறம் அது முட்டை இல்ல துளசி, வெடிகுண்டு.”

பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி இதைச் சொன்னாள். முட்டைகள் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஜன்னலோரம் இருந்த தெர்மாகோல் பெட்டியின் காற்றுத் துளை வழியாக அந்தப் பேச்சு உள்ளே நுழைந்து, மூலையில் கிடந்த முட்டையின் ஓட்டில் வந்து முட்டியது.

“நம்மளையா சொல்றாங்க?” என்று மூலை முட்டை கேட்டது.

“என்னைச் சொல்லலை. நான் கிண்ணம்,” என்றது தண்ணீர்க் கிண்ணம்.

அந்தப் பெட்டி முன்பு ஒரு மீன்கடையில் இருந்தது. துளசிமணி வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்குக் கோழி வேலை கிடைத்தது. கறுப்பி என்ற கோழி கொல்லைப்புறத்தில் ஒன்பது முட்டைகள்மேல் அடைக்கு உட்கார்ந்த அன்றே தெருநாய் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. துளசிமணி நாயின் பின்னால் ரோடுவரை ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் நாலைந்து கறுப்பு இறகுகள் மட்டும் இருந்தன. முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது. அவற்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். மீன் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, உமி பரப்பி, மூடியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். ஈரத்துக்குச் சட்னிக் கிண்ணத்தில் தண்ணீர். சூடு பார்க்க, வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருந்த கண்ணாடி தெர்மாமீட்டர்.

முதல் நாள் தெர்மாமீட்டர் நூற்றொன்று வரை ஏறியது. மறுநாளே பல்பு டப்பென்று போய்விட்டது. துளசிமணியின் கணவர் நாச்சிமுத்து குளியலறைப் பல்பைக் கழற்றி மாட்டினார். அது சின்ன பல்பு. சோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு மேல் அதற்கு வேலை இருந்ததில்லை.

“இது போதுமாங்க?” என்று துளசிமணி கேட்டாள்.

நாச்சிமுத்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். “நூத்தொண்ணு. ஒரு புள்ளி அசையல பாரு. இதுவே ஜாஸ்தி.”

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாச்சிமுத்து காப்பி நிற மப்ளர் ஒன்றைக் கழுத்தில் சுற்றினார். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

இருபத்தொரு நாள் முடிந்தபோது பல்புக்கு நேர் கீழே இருந்த இரண்டு முட்டைகள் மட்டும் உடைந்து இரண்டு குஞ்சுகள் வந்தன. மற்ற ஏழும் அப்படியே கிடந்தன. மறுநாளும் கிடந்தன. அதற்கு மறுநாளும்.

“குளிருது,” என்றது மூலை முட்டை.

“குளிரவில்லை,” என்றது தெர்மாமீட்டர். அது எப்போதும் அச்சடித்த தமிழில்தான் பேசும். “நூற்றொன்று.”

“எனக்கு நெஜமாவே குளிருதுங்க ஐயா.”

“குளிர்வதாக உனக்குத் தோன்றுகிறது. வெப்பநிலை நூற்றொன்று. என்னைப் பார். முதல் நாள் ஏறினேன். மழை வந்தது, மின்சாரம் போனது, மூடியைத் திறந்துபோட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் இறங்கினேனா?”

“இல்லீங்க.”

“அதற்குப் பெயர்தான் உறுதி.”

பல்பு மெதுவாகத் தொண்டையைச் செருமியது. “ஐயா, தப்பா நினைக்காதீங்க. நான் ரொம்பச் சின்னவன். மூலை வரைக்கும் என் சூடு போய்ச் சேருதான்னு எனக்கே சந்தேகமா இருக்குது.”

“உன் சந்தேகத்தை அளக்க என்னிடம் கோடு இல்லை,” என்றது தெர்மாமீட்டர்.

பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்த இரண்டு குஞ்சுகளும் விளிம்பில் கழுத்தை நீட்டின. வெளியே வந்து மூன்றே நாளில் அவற்றுக்கு நிறைய அனுபவம் வந்திருந்தது.

“எல்லாம் மனசுலதான் இருக்குது,” என்றது ஒன்று.

“நாங்க கொத்தி வெளிய வரலையா? முயற்சி பண்ணோணும்,” என்றது இன்னொன்று.

“நீங்க பல்புக்கு நேர் கீழ இருந்தீங்க,” என்றது மூலை முட்டை.

“பல்பா? அப்படி ஒண்ணு இருந்துச்சா? நாங்க வேலைல இருந்தோம், கவனிக்கல.”

ஏழு முட்டைகளில் ஒன்று மட்டும் எதற்கும் கவலைப்படவில்லை. “சும்மா அவசரப்படாதீங்கப்பா. நான் பெருசா ஒண்ணு தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். வரும்போது பாருங்க,” என்று அடிக்கடி சொல்லும். மற்றவை அதை மரியாதையோடு பார்க்கும். அது கூமுட்டை. உள்ளே ஒன்றும் இல்லை என்பது அதற்கு மட்டும் தெரியும்.

அன்று காலை நாச்சிமுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். நாற்றம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவருக்கு இருந்த சளியில் தெரிந்திருக்காது.

“துளசி, இன்னிக்கு இதை எடுத்துரோணும். பூவாத்தா சொன்னதைக் கேட்டியல்ல? அவங்க தம்பி வீட்ல டிவி பாத்துட்டு இருக்கும்போதே வெடிச்சுதாம். சோபாவையே தூக்கிப் போட்டுட்டாங்களாமா.”

“இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமுங்க. கறுப்பியோடதுங்க.”

“கறுப்பி மேல எனக்கு மட்டும் பாசம் இல்லையா? வராததை எத்தனை நாளைக்குப் பாத்துட்டு உக்காந்திருக்கறது? சூடு சரியா இருக்குது. தண்ணி இருக்குது. நாம எல்லாஞ் செஞ்சாச்சு புள்ள. அதுங்கதான் வர மாட்டேங்குதுங்க.”

“நியாயமான மனிதர்,” என்றது உள்ளே தெர்மாமீட்டர்.

நாச்சிமுத்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். மூலை முட்டைக்குள் இருந்த குஞ்சுக்குத் தலை எது, கால் எது என்று மறந்துபோனது. கூமுட்டையைக் குலுக்கியபோது ‘களக் களக்’ என்று தாராளமாகச் சத்தம் வந்தது. அவர் அதைத் தனியாக ஒரு வாளியில் போட்டார்.

“நான் முன்னால போய் உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்,” என்றது கூமுட்டை. அதன் குரலில் அப்போதும் குறையில்லை.

“மத்ததையும் சாயந்திரம் எடுத்துட்டுப் போறேன். தென்னைக்கு ஒரு குழி வெட்டி உள்ள போட்டர்லாம். உரமாவது ஆகட்டும்.”

துளசிமணி தெர்மாமீட்டரை எடுத்தாள். உடைந்து பாதரசம் முட்டைகள்மேல் சிந்திவிடும் என்ற பயத்தில் தினமும் அதைப் பூப்போல எடுத்து, ஆடாமல் அசையாமல் பார்த்து, அப்படியே வைத்துவிடுவாள். இன்றும் நூற்றொன்று. அந்த எண்ணோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடியைச் சாத்தினாள்.

மூலை முட்டை, “சாயந்திரம்ங்கிறது எப்போ?” என்று கேட்டது.

“வடைக்குச் சட்னி அரைக்கிற நேரம்,” என்றது கிண்ணம். அதற்குத் தெரிந்த சாயந்திரம் அதுதான்.

நாச்சிமுத்து தூறலிலேயே குழி வெட்டி முடித்தார். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து வரிசையாகத் தும்மினார்.

“துளசி, எனக்குக் காய்ச்சல்.”

“மழையில குழி வெட்டச் சொல்லி யாருங்க அழுதாங்க?”

அவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தார்.

“மேலிடத்து அழைப்பு,” என்றது தெர்மாமீட்டர். அடுத்த நொடி அது நாச்சிமுத்துவின் அக்குளுக்குள் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “நூத்தொண்ணு! பாத்தியா? நான் சொன்னா நம்புறியா நீ?” உடனே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. “மெளகு ரசம் வை. என்ற தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரு.”

துளசிமணி அவர் நெற்றியில் கை வைத்தாள். “பச்சைத் தண்ணியாட்டம் இருக்குதுங்க.”

“உள்காய்ச்சல்.”

“உதறிட்டு வெச்சீங்களா?”

“எதை?”

“தெர்மாமீட்டரைங்க. உதறினாத்தானே எறங்கும்? இல்லைன்னா முன்னால ஏறினது அப்படியே நிக்குமல்லங்க.”

அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் செய்வதுபோல், அவள் மணிக்கட்டைச் சுண்டி நாலு உதறு உதறிவிட்டு மறுபடியும் அவர் அக்குளில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள்.

“தொண்ணூத்தெட்டு. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்திரிங்க.”

நாச்சிமுத்து எழுந்தார். துளசிமணிதான் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். ஜன்னலோரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் நன்றாக உதறி, முந்தானையில் துடைத்து, மூலை முட்டைக்குப் பக்கத்தில் உமிமேல் வைத்து மூடினாள்.

உள்ளே தெர்மாமீட்டர் நிலைக்கு வரச் சற்று நேரம் ஆனது.

“தலை சுத்துது,” என்றது.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். அதன் வாயிலிருந்து அப்படி ஒரு தமிழ் வந்து யாரும் கேட்டதில்லை.

“ஏறுங்க ஐயா,” என்றது மூலை முட்டை.

தெர்மாமீட்டர் ஏறியது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று கோடு கோடாக நகர்ந்து, தொண்ணூற்றேழுக்கு வந்து நின்றது. இன்னும் ஏறும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அது ஏறவில்லை.

“குளிருது,” என்றது தெர்மாமீட்டர்.

அட்டைப் பெட்டியில் ஒரு குஞ்சு, “இருந்தாலும் முயற்சின்னு ஒண்ணு...” என்று ஆரம்பித்தது. இன்னொன்று அதன் காலை மிதித்தது.

“முட்டைங்க எல்லாத்தையும் குலுக்கிப் பாத்தாங்க,” என்றது கிண்ணம். “உங்களைத்தான் யாரும் உதறலை.”

மூடி திறந்தது. துளசிமணி குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இங்க வாங்க.”

நாச்சிமுத்து மற்ற முட்டைகளை எடுத்துப்போக வாளியோடு வந்தார். தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார். நம்பாமல் தானே உதறி, தானே வைத்து, மூடிமேல் கை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். திறந்தார். அதே தொண்ணூற்றேழு.

“அப்போ இத்தனை நாளா...” என்றாள் துளசிமணி.

அவர் பல்பைப் பார்த்தார். எங்கிருந்து கழற்றி மாட்டினார் என்பது நினைவுக்கு வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு மூலை முட்டையை எடுத்தார்.

முட்டை பயந்து ஒடுங்கிக்கொண்டது. ஆனால் அவர் குலுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் காதோடு ஒட்டிக்கொண்டார். முட்டைக்கு அந்தக் காது கதகதப்பாக இருந்தது. உள்ளே இருந்த குஞ்சு, கொஞ்ச நஞ்சம் இருந்த பலத்தையெல்லாம் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து ஒரு தட்டுத் தட்டியது.

“என்னங்க?” என்றாள் துளசிமணி.

“சித்த சும்மா இரு.”

இரண்டாவது தட்டும் கேட்டது. அவர் முட்டையை இருந்த இடத்திலேயே வைத்தார். நேராகக் கூடத்துக்குப் போய், டிவிக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பெரிய பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். கூடம் இருண்டது.

“நான் குளிக்கிற எடத்துக்கே போயிர்றேன். அங்க யாரும் என்னை நம்பி உள்ள உக்காந்திருக்கல,” என்று சொல்லிக்கொண்டு சின்ன பல்பு இறங்கிப் போனது.

இருவருமாகப் பெட்டியை ஜன்னலோரத்திலிருந்து தூக்கி உள்சுவர்ப் பக்கம் வைத்தார்கள். துளசிமணி தெர்மாமீட்டரை உதறி உள்ளே வைத்தாள். மூடியைச் சாத்திவிட்டு நாச்சிமுத்து பெட்டியைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். பழைய மீன் பெட்டி. மூடி சேரும் இடத்தில் ஒரு பக்கம் முழுக்க விரிந்திருந்தது. விரலில் சூடு பட்டது.

அவர் ஒரு முறை தும்மினார். பிறகு கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்து, காற்றுத் துளைகளை விட்டுவிட்டு, பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.