இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச்

கோத்தகிரிக்கு மேலே ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே மூடுபனி எழுந்து போக மனசில்லாமல் பாதி நாள் புல்லின் மேலேயே படுத்துக் கிடக்கும்.

மைதானத்தின் புல்வெட்டும் வண்டிகளைப் பழுது பார்த்தவள் சுகிர்தா. முப்பத்திரண்டு வயது. அவளிடம் வேலை பழக வந்தவர் திருமலைச்சாமி. அவருக்கு ஐம்பத்தாறு.

கோவையில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலையை மூடினார்கள். அதே வருஷம் மனைவி கமலவேணி தவறிப்போனாள். மகள் சொன்னாளே என்று மலையேறி வந்திருந்தார்.

மூன்றாவது வாரம் சுகிர்தா அவரிடம் ஒரு சிவப்பு வண்டியை ஒப்படைத்தாள். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. அவர் ஓட்டிப் பார்த்தார். ஸ்டார்ட் ஆயிற்று, பத்தடி போயிற்று, நின்றுவிட்டது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

பேட்டரியைச் சோதித்தார். நன்றாக இருந்தது. ஃப்யூஸும் போகவில்லை. எர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி முறுக்கினார். ஒவ்வொரு ஒயரையும் விரலால் தடவிக்கொண்டே போனார். பனிக்குள் அந்த ஒயர்கள் நூலிழைகள் போலிருந்தன. தறிகெட்டு ஓடும் மெஷின்களுக்கு நடுவே நிற்பதாகவும், சாப்பிட வரச்சொல்லிக் கமலவேணி கூப்பிடுவதாகவும் தோன்றியது. பனி சற்று விலகினால் மெஷினும் இருக்காது, குரலும் இருக்காது.

ஏறினார். பத்தடியில் நின்றது.

இரண்டாம் நாள் சுகிர்தா அதில் ஏறினாள். வெண்மைக்குள் கரைந்துபோய், ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்தாள். எஞ்சின் ஒரு முறைகூடத் திணறவில்லை. அவள் இறங்கியதும் அவர் ஏறினார். பத்தடியில் நின்றது.

மூன்றாம் நாள் மதியம் அவளிடம் வந்து, துணிமணியெல்லாம் கட்டி வைத்துவிட்டதாகவும் சாயங்கால பஸ்ஸில் மலையிறங்கிவிடப் போவதாகவும் சொன்னார். இதுவரை என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அவள் கேட்டாள். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, மேலே ஆள் பாரம் இல்லையென்றால் அது எஞ்சினை நிறுத்திவிடும், அதுதான் நிறுத்துகிறது, ஆனால் கையால் அழுத்திப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கிவிட்டா ஓடுமுங்க," என்றார். "காலைல முறுக்கியும் விட்டேன்."

"சரிவுல தவறி விழுந்தா பிளேடு நிக்காதுங்கண்ணா."

"தெரியும் அம்மிணி. விழுந்தா விழட்டும்னுதான் முறுக்கினேன்."

சுகிர்தா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டாள்.

"சரிவுக்குக் கீழ களை பறிக்கிறவங்க பேசிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஆளு தெரியல, சத்தம் மட்டுந்தான். யாரோ சிரிச்சாங்க. பிரிச்சு விட்டுட்டேன்."

சுகிர்தா வண்டிக்குப் போய், சீட்டைத் தூக்கி, ஒயர்கள் பிரிந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள்.

"ஒயரு நல்லாருக்கு, ஸ்விட்ச்சும் நல்லாருக்கு," என்றார். "உங்களுக்கு ஓடுது. எனக்கு மட்டும் ஏனுங்க நிக்குது?"

அவள் அவரை ஏறச் சொன்னாள். ஏறினார். அவள் வண்டியைச் சுற்றிவந்து பின்னால் குனிந்து பார்த்தாள்.

சீட்டின் முன்விளிம்பில் இருந்தார் திருமலைச்சாமி. அவர் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கால்விரல்கள் ஊன்றியிருந்தன, குதிகால்கள் படவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், எந்த நேரமும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர் அப்படித்தான் இருப்பார். சீட்டுக்கு அடியில் ஸ்விட்ச்சை அழுத்துகிற ஸ்பிரிங் பாதிகூட அமுங்கவில்லை; வண்டி ஒரு முறை குலுங்கினால் ஸ்விட்ச் விட்டுப்போகும்.

சுகிர்தா நிமிர்ந்தாள்.

"வண்டியில கோளாறு இல்லீங்கண்ணா," என்றாள். "நீங்க இன்னும் உட்காரல."