ஒரேவாட்டி கேட்ட தோராகிச்சி

கடலுக்கு அந்தாண்ட ஜப்பான் தேசத்துல, பாதி வருஷம் பனி மூடிக் கிடக்குற ஒரு மலைக்குக் கீழே ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல கினுன்னு ஒருத்தி. புருஷன் போய்ச் சேர்ந்துட்டான். வயசான மாமியாரும், சியோன்னு ஆறு வயசுப் பொண்ணும்தான் அவளுக்கு. மலைப்பாதையில சின்னதா ஒரு டீக்கடை வச்சுப் பொழச்சுக்கிட்டு இருந்தா.

அந்த தேசத்துல ஒரு பழக்கம். வருஷம் முடியப் போகுதுன்னா ஒருத்தருக்கொருத்தர் ஏதாவது குடுத்துக்குவாங்க. சும்மா நீட்டிட முடியாது. துணியில மடிச்சுக் கட்டி, ரெண்டு கையாலயும் பிடிச்சு, "ஒண்ணும் பெருசில்லீங்க"ன்னு சொல்லிக் குடுக்கணும். வாங்குறவங்களும் உடனே கை நீட்டிடக் கூடாது. "ஐயோ வேண்டாங்க"ன்னு ஒருவாட்டி, "எதுக்குங்க இதெல்லாம்"னு இன்னொருவாட்டி, அப்புறம் மூணாவது வாட்டி கேட்டாத்தான் வாங்கணும். என்ன சிரிப்பு? நம்ம வீட்டுல மட்டும் என்னவாம்? விருந்தாளி போதும் போதும்னு இலையைக் கையால மறைச்சாலும் நாம இன்னொரு கரண்டி வைக்கிறதில்லையா, அந்த மாதிரிதான்.

அந்த ஊர்த்தலைவன் பேரு தோராகிச்சி. களஞ்சியம் முட்ட முட்ட அரிசி வச்சிருந்தான். வருஷக் கடைசியில தலைவன் ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மூட்டை அரிசி குடுக்கணும், அது ஊர் முறை. அந்த வருஷம் பார்த்து விளைச்சல் பொய்ச்சுப் போச்சு, ஊரே பசியில கிடந்துச்சு. தோராகிச்சி என்ன பண்ணான்? நீலத் துணியில ஒரே ஒரு மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டுக் கிளம்பினான்.

தொட்டி செய்யிறவன் வீட்டுக்குப் போனான். "இந்தாப்பா, வாங்கிக்கோ"ன்னான். அவன் முறைப்படி "ஐயோ வேண்டாங்க"ன்னான். "வேண்டாமா? சரி"ன்னு இவன் மூட்டையத் தூக்கிக்கிட்டு நடந்துட்டான். அப்புறம் மீன்காரன் வீடு. "இந்தாப்பா, வாங்கிக்கோ." "ஐயோ வேண்டாங்க." "வேண்டாமா? சரி." அப்புறம் கினு வீடு. கினு மூட்டையப் பார்த்தா, உள்ளே படுத்திருந்த மாமியாரையும் பார்த்தா. வாங்கிடலாமான்னு கை துடிக்குது. ஆனா பழகின வாயாச்சே! "ஐயோ வேண்டாங்க"ன்னு வந்துடுச்சு. "வேண்டாமா? சரி." அதே மூட்டை, அதே நீலத் துணி, ஊரெல்லாம் சுத்திட்டு அவன் களஞ்சியத்துக்கே போய்ச் சேர்ந்துச்சு. கேட்டா, "நான் குடுத்தேன், அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க"ன்னு சொல்லிக்கலாம் பாரு.

சியோ கேட்டா, "அம்மா, அரிசி நமக்கு வேணும்தானே? ஏன் வேண்டாம்னே?"

கினு வெந்நீரை ஆத்தி மகளுக்குக் குடுத்தா.

பத்து நாள் போச்சு. அந்த நாட்டு ராஜா பல்லக்குல, முப்பது குதிரையும் முப்பது ஆளும் கூட வர, அந்த வழியா வந்தாரு. குளிருக்கு இதமா கினு கடையில உட்கார்ந்து டீ குடிச்சாரு. குடிச்சுட்டு ஒரு பொட்டலம் மிட்டாயை எடுத்து, "உன் பொண்ணுக்கு வச்சுக்கோம்மா"ன்னாரு.

"ஐயோ வேண்டாங்க மகாராஜா."

"அட, வாங்கிக்கோம்மா."

கினுவுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. ராஜாவுக்கு ஒண்ணும் புரியல. "ஏம்மா அழுவுறே?"

"ரெண்டாந்தரம் கேட்டீங்களே, அதான். எங்க ஊர்ல ரெண்டாந்தரம் கேக்குறது நின்னு போச்சுங்க."

"நின்னு போச்சா? யாரு நிறுத்தினது?"

கினு நடந்ததைக் கூட்டாம குறைக்காம சொன்னா. ராஜா கேட்டுக்கிட்டாரு. மிட்டாயை மூணாவது வாட்டியும் கேட்டுக் குடுத்துட்டு, நேரா தோராகிச்சி வீட்டுக்குப் போனாரு.

தோராகிச்சி வாசல்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்தான். ராஜா ஒரு பட்டு அங்கியை எடுத்தாரு. "தலைவனே, இது உனக்கு."

ராஜா கையால உடனே வாங்கினா மரியாதை இல்லையே! "ஐயோ, வேண்டாங்க மகாராஜா, நான் எம்மாத்திரம்"னான்.

"வேண்டாமா? சரி"ன்னு அங்கியைத் திரும்பப் பல்லக்குக்குள்ளே வச்சுட்டாரு.

தோராகிச்சிக்கு வேர்த்துடுச்சு, அந்தப் பனியில. ராஜா ஒரு வெள்ளைக் குதிரையைக் காட்டினாரு. "இது உனக்கு."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க..."

"வேண்டாமா? சரி."

போச்சு, குதிரையும் போச்சு! பட்டும் போச்சு, குதிரையும் போச்சுன்னு அவன் நெஞ்சு அடிச்சுக்குது. ராஜா சொன்னாரு, "இன்னும் ஒண்ணு இருக்கு. இந்த நாட்டுலயே ஒருத்தருக்குத்தான் அதைக் குடுக்க முடியும்."

என்னன்னு கேக்கணும்ல? கேக்கல. மரியாதை, முறை எல்லாம் பறந்துடுச்சு. ரெண்டு கையையும் நீட்டி, "குடுங்க மகாராஜா! குடுங்க, குடுங்க!"ன்னு கத்திட்டான்.

"ரொம்ப சந்தோஷம்"னாரு ராஜா. "பனி உருகுற வரைக்கும் என் முப்பது குதிரையும், முப்பது ஆளும் உன் வீட்டுல தங்கி, உன் அரிசியைச் சாப்பிடுவாங்க. இந்தப் பெருமைய மத்த ஊர்லயெல்லாம் வேண்டாம் வேண்டாம்னாங்க. நீ ஒருத்தன்தான் கேட்ட உடனே கையை நீட்டினே."

வாங்கினதைத் திருப்பிக் குடுக்குற வழக்கம் அங்க கிடையாது. தோராகிச்சி நீட்டின கை நீட்டினபடியே நிக்குது.

"இத்தனை பேருக்குச் சமைக்கணுமே, அதுக்கு ஊர் சனத்தைக் கூப்பிடு. சமைக்கிறவங்க குடும்பத்தோட இங்கேயே சாப்பிடட்டும்"னுட்டு ராஜா பல்லக்குல ஏறிட்டாரு.

அன்னிக்கே களஞ்சியம் தொறந்துடுச்சு. தொட்டி செய்யிறவன் வந்தான், மீன்காரன் வந்தான், கினு மாமியாரை முதுகுல சுமந்துக்கிட்டு, சியோ கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. பெரிய பானையில சோறு பொங்கி ஆவி கூரையைத் தொட்டுச்சு. மாமியார் ஒரு கிண்ணம் சாப்பிட்டா, ரெண்டு கிண்ணம் சாப்பிட்டா, அப்புறந்தான் எழுந்து உட்கார்ந்தா. பனி உருகி ஆத்துல தண்ணி ஓடுன அன்னிக்கு அந்தக் களஞ்சியத்துல குருவி கொத்தக்கூட ஒரு மணி இல்ல.

அதனாலதான் சொல்றது, ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா அவங்க வாயைப் பாக்காதீங்க, வயித்தைப் பாருங்கன்னு.

கதை மலையேறிப் போயிடுச்சு, கண்ணு தூக்கம் தேடிப் போகட்டும்.