இளவரசருக்குத் துப்புச் சொன்னது யார்?

இனி வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் கதைக்குள் நுழைகிறோம்.

முன்னொரு காலத்தில், ஏதோ ஒரு தேசத்தில், வச்சிரபூபதி என்றொரு ராஜா இருந்தார். பதினெட்டு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு ராணிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த அன்று ஊரெல்லாம் சர்க்கரை வழங்கினார்கள். பதினோராம் நாள் சபையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பிள்ளை ஓயாமல் அழுதது.

"தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகையை நிறுத்துகிறான். நான் உட்கார்ந்தால் அந்த நொடியே தொடங்குகிறான்" என்றார் ராஜா. "கண்ணோ மூடியிருக்கிறது. முகமோ என் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. நான் உட்கார்ந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ துப்புச் சொல்கிறார்கள்!"

தொட்டிலுக்கு அடியில் இரண்டு ஒற்றர்களைப் படுக்க வைத்திருந்தார். அவர்களைக் கண்காணிக்கத் திரைக்குப் பின்னால் இன்னொருவன் நின்றான். குளிக்கப் போனால் பிள்ளையை மாற்றிவிடுவார்களோ என்று பதினோரு நாளாக ராஜா குளிக்கவில்லை. சிம்மாசனத்தின் காலில் ஏறிய எறும்புகள் வரிசையாக அவருடைய முத்திரை மோதிரம்வரை வந்துபோயின. அவற்றையும் அவர் முறைத்துப் பார்த்தார். "இவை எந்த நாட்டு எறும்புகள்?" என்று இரண்டு தரம் விசாரித்தார்.

கடைசித் தூணில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் நின்றார் விகடகவி அம்பலத்தாடி. அவருக்கும் அது தலைப்பிள்ளைக் காலம். வீட்டில் நாற்பத்தைந்து நாள் மகள். உட்கார்ந்தால் அழும், நின்றால் சிரிக்கும் என்ற வித்தையை அவர் பிரதி தினமும் பார்ப்பவர். ஆனால் அவர் மனசு அப்போது சிறைக்கூடத்தில் இருந்தது. அவர் மகளைக் கையில் ஏந்திய அதே மருத்துவச்சி பேச்சியாத்தாள் உள்ளே கிடந்தாள். இரண்டாம் நாள், பால் குடித்த இளவரசரைத் தோளில் போட்டு முதுகில் தட்டினாள். அதை ராஜா பார்த்துவிட்டார். பட்டத்துப் பிள்ளையை அடித்தது ராஜத்துரோகம் என்று தீர்ப்பாயிற்று. பன்னிரண்டாம் நாள் காலையில் அவளைக் கழுதை மேலேற்றி எல்லை தாண்டி விரட்ட உத்தரவு. அன்றிலிருந்து இளவரசரின் முதுகுப் பக்கம் ஒருவர் கையும் போகவில்லை.

அம்பலத்தாடிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பட்டுத் துண்டுக்கும் வயிறெரிகிறவர் பிரதானி நல்லுடையார். அவர் எழுந்தார்.

"மகாராஜா! சேனை வைத்தவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது தாங்கள் அறியாததல்ல. பிறந்த அன்று நாவில் முதல் தேனைத் தொட்டு வைக்கும் அந்தப் பேற்றை எனக்கு அருளியிருந்தீர்கள். நான் பொற்கிண்ணத்தோடு போனபோது இளவரசரின் உதட்டில் ஏற்கெனவே தேன்! எவனோ முந்திக்கொண்டான். இரவும் பகலும் வாய் ஓயாமல் கத்துகிற குணம் இந்தச் சபையில் யாருக்கு உண்டு?"

எல்லோரும் கடைசித் தூணைப் பார்த்தார்கள்.

"நான் தூணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், பிரபு" என்றார் அம்பலத்தாடி.

"அம்பலத்தாடி!" ராஜாவின் கண் சிறுத்தது. "சூரியன் சாய்வதற்குள் சேனை வைத்தவனை நிரூபித்துக் காட்டு. முடியாவிட்டால் நீதான் வைத்தாய். உன் தலை உனக்கில்லை."

"கண்டுபிடித்தால் அவருக்கு என்ன தண்டனை, மகாராஜா?"

பிரதானி முந்திக்கொண்டார். "இளவரசர் உறங்கும்வரை தோளில் சுமந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தால் தலை போகும். எதைச் செய்தாவது உறங்க வைக்க வேண்டும்."

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்" என்றார் ராஜா.

"எதைச் செய்தாவதா?"

"எதைச் செய்தாவது!"

"அப்படியே ஓலையில் எழுதி முத்திரை இடுங்கள். சபையோரும் சாட்சியாகத் தங்கள் தங்கள் மோதிரத்தைப் பதிக்கட்டும். மோதிரமில்லாத ஏழை, நான் என் விரலையே பதிக்கிறேன்."

ஓலை எழுதி, அரக்கை உருக்கி ஊற்றினார்கள். ராஜா பதித்தார். பிரதானி ஓங்கிப் பதித்தார். மற்றவர்களும் பதித்தார்கள். அம்பலத்தாடி சுட்ட விரலை ஊதிக்கொண்டே ஓலையை நடுச்சபையில், தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

"என்ன செய்கிறாய்?"

"துப்பறியும் ஆட்கள் வர வேண்டும், மகாராஜா."

வந்தார்கள். சிம்மாசனத்தின் காலிலிருந்து இறங்கி, சபையைக் குறுக்கே கடந்து, வரிசை குலையாமல் வந்தார்கள். பிரதானியின் முத்திரையை மோந்துவிட்டு விலகினார்கள். அம்பலத்தாடியின் விரல் தடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ராஜாவின் முத்திரையில் ஏறி, மொய்த்து, கறுப்பாக மூடிவிட்டார்கள்.

"என் மகளுக்கு நான்தான் சேனை வைத்தேன்" என்றார் அம்பலத்தாடி, யாரையும் பார்க்காமல். "எட்டு நாள் எறும்பு என் விரலை விடவில்லை. 'கைய நல்லாக் கழுவித் தொலையேன்யா'ன்னு பெண்டாட்டி ஏசினாள். நான் கழுவினேன். இங்கே ஒருவர் பதினோரு நாளாகக் கழுவவில்லை."

ராஜா மோதிரத்தை மெதுவாகக் கழற்றிப் பார்த்தார். கல்லுக்கடியில் தேன் பிசுபிசுத்தது.

"எல்லோரும் ஆலாத்தி எடுக்கப் போயிருந்தார்கள்" என்றார், குரல் இறங்கி. "கையில் வாங்கினேன். இத்தனூண்டு வாய். அதில் வேறொருவர் விரல் படுவதை என்னால்... எனக்கு யாரையும் நம்பத் தோன்றவில்லை."

"அதனால்தான் இளவரசரும் யாரையும் நம்பவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். சேனை நன்றாகப் பிடித்திருக்கிறது, மகாராஜா. ஓலைப்படி எழுந்து நில்லுங்கள்."

பிள்ளை வந்தது. ராஜா சுமந்து நின்றார். ஒரு நாழிகை போயிற்று. பிள்ளை கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டது. ராஜா அரை அங்குலம் தாழ்ந்தால் இன்னும் வீறிட்டது.

"எதைச் செய்தாவது என்று எழுதியிருக்கிறது. வழி தெரிந்தவள் சிறையில் இருக்கிறாள்" என்றார் அம்பலத்தாடி.

பேச்சியாத்தாளைக் கொண்டுவந்தார்கள். அவள் ராஜாவைக்கூடக் கும்பிடவில்லை. "அட, என்னய்யா இது, புள்ளைய வாழத்தாரு கணக்கா புடிச்சிருக்கீரு! தலைக்குக் கை குடும். மேல ஏத்திப் போடும். இப்ப முதுகுல தட்டும்."

"அடிப்பதா?"

"தட்டும்யா! பாலக் குடிச்ச புள்ளைக்கு காத்து அடைச்சுக் கெடக்கு. ஒம்போது நாளா ஒருத்தரும் தட்டலைன்னா அது அழுவாம, பாட்டா பாடும்?"

பிரதானி குதித்தார். "ராஜத்துரோகம்!"

"ஓலையில் தங்கள் மோதிரமும் இருக்கிறது, பிரபு" என்றார் அம்பலத்தாடி.

ராஜா கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தட்டில், பட்டத்து யானைக்குக்கூட வராத ஓர் ஏப்பம் வந்தது. கோட்டை வாசலில் காவல்காரர்கள் ஈட்டியை நிமிர்த்தினார்கள். அப்புறம் சத்தமே இல்லை. பிள்ளை இரண்டு கண்ணையும் மூடித் தூங்கிவிட்டது.

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எழுப்பிவிடக் கூடாதே என்று வாயைத் திறக்காமல், தொப்பை மட்டும் குலுங்க, கண்ணீர் வழியச் சிரித்தார். பேச்சியாத்தாளுக்கு அந்த இடத்திலேயே விடுதலை. அவளே தொட்டிலுக்குக் காவல். அவளுக்காக அலங்கரித்த கழுதையை வீணாக்க வேண்டாமென்று பிரதானியை அதில் ஏற்றி எல்லைக் கணக்குப் பார்க்க அனுப்பினார்.

"உனக்கு என்ன வேண்டும், அம்பலத்தாடி? கேள்" என்றார் கிசுகிசுப்பாக.

"கதவுள்ள ஓர் அறை, மகாராஜா. ஒரு பகல் முழுக்கத் தூங்க வேண்டும்."

கொடுத்தார். கூட ஆயிரம் பொன்னும் கொடுத்தார்.

இந்த வச்சிரபூபதி மகாராஜா கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாமல் காலமானவர்.