ஐம்பதாம் நாளின் ஓரம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். மின்சார வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் என்ஜினீயராக இருந்தபோதும் அப்படித்தான், ஓய்வுபெற்று எங்கள் சபைக்குச் செயலாளர் ஆன பிறகும் அப்படித்தான். அருமைநாயகம் என்று என் பேரைச் சொல்கிறவர்களைவிட ஹை வோல்ட்டேஜ் என்று சொல்கிறவர்கள்தான் ஊரில் அதிகம். எல்லாம் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்குத் தைரியம் இருக்கு?

அறுபதாவது வயதில் எனக்கு ஒரு குரு வாய்த்தார். ஹெப்சிபா டீச்சர். என் கடைசித் தங்கச்சியைவிட இளையவர். வேதாகமக் கல்லூரியில் எபிரேயம் நடத்துகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து, கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொல்லித்தருவார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பாடத்தில் தப்பு விட்டால் அண்ணாச்சியாவது, ஆட்டுக்குட்டியாவது. கோபத்தில் எனக்கு அக்கா அவர்.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டேன்.

"டீச்சர், பெந்தெகொஸ்தே நாள்ல ஆவியானவர் இறங்கினாரு. சரி. அன்னைக்கு எருசலேம்ல அத்தனை தேசத்து ஜனமும் எதுக்குக் கூடியிருந்துச்சு?"

"பண்டிகைக்கு."

"என்ன பண்டிகை?"

"அதைப் படிக்கத்தானே வந்திருக்கிய? உக்காருங்க."

உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பெந்தெகொஸ்தே என்ற பேர் கிரேக்கம். ஐம்பதாவது என்று அர்த்தம். வேர் எபிரேயத்தில் இருக்கிறது. யூதர்களுக்கு அது வாரங்களின் பண்டிகை. பஸ்கா பண்டிகையை ஒட்டி முதல் கதிர்க்கட்டை அசைத்த நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாள் புதுக் கோதுமையில் இரண்டு அப்பம் சுட்டுச் சந்நிதியில் அசைக்க வேண்டும். சீனாய் மலையில் நெருப்புக்கு நடுவே கட்டளை கிடைத்ததும் அந்த நாளில்தான் என்று பிற்காலத்து யூதர்கள் கொண்டாடினார்கள். அந்த மலையில் கேட்ட குரல் எழுபது பாஷையாகப் பிரிந்தது என்று அவர்களுடைய வேத குருக்களான ரபீமார் சொல்லிவைத்திருக்கிறார்கள். அங்கே மலைமேல் நெருப்பு, இங்கே எருசலேமில் சீஷர்கள் தலைமேல் நெருப்பு, அவர்கள் வாயில் பல தேசத்துப் பாஷை. டீச்சர் இதைச் சொன்ன அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

இந்த வருஷம் அந்தப் பண்டிகையை வேரோடு கொண்டாடுவது என்று முடிவெடுத்தேன். கமிட்டியில் சொன்னேன். பொருளாளர் தாசையா எழுந்தார்.

"நாம என்ன பெந்தெகொஸ்தேகாரங்களா? கையத் தட்டி ஆடச் சொல்லுதீரா?"

"வேய், அது ஒரு சபையோட பேரு இல்லவே! பண்டிகையோட பேரு!"

மேசையில் நான் குத்திய குத்தில் ஒரு டீ கிளாஸ் உடைந்தது. தீர்மானம் நிறைவேறியது.

ஈஸ்டரிலிருந்து தினமும் வெஸ்ட்ரிக் கரும்பலகையில் சாக்பீஸால் நாள் எண்ணி எழுதினேன். ஆராதனை முறையை நானே தயாரித்து அச்சடித்தேன். ஒன்பது மணிக்குத் தொடங்கி பத்தே முக்காலுக்கு முடியும். நடுவில் பத்து நிமிஷம் என் பேச்சு, 'பெந்தெகொஸ்தேயின் எபிரேய வேர்கள்'. இரண்டு வருஷப் படிப்பை அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அடைத்துவைத்திருந்தேன். அதற்காகத்தான் இத்தனை பாடும், இப்போது சொல்ல வெட்கம் என்ன?

பேக்கரி சுடலைமுத்துவிடம் இரண்டு அப்பம் சொன்னேன்.

"ஈஸ்ட் போடக் கூடாது."

"ஈஸ்ட் இல்லாட்டி கல்லு மாதிரி வரும் சார்."

"சாமிக்குப் படைக்கதுல புளிப்பு ஆகாது. ஒமக்கு என்னவே தெரியும்? சொன்னதைச் செய்யும்."

நாற்பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை. சாயங்காலம் அப்பம் இரண்டும் வந்துவிட்டன. தட்டையாக, வட்டமாக, பார்க்கவே சுத்தமாக இருந்தன. வெஸ்ட்ரி மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன்.

கோயிலுக்குப் புது முகப்பு கட்டி டைல்ஸ் போட நாலு ஆட்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார்கள், போவார்கள். நாங்கள் அவர்களை இந்திக்காரங்க என்போம். மூத்தவன் பேர் பவுலூஸ் லக்ரா. அவன் அன்று வெஸ்ட்ரி வாசலில் வந்து நின்றான்.

"சார், எங்க அம்மா செத்துப் போச்சு. புதன்கிழமை."

"அடப்பாவமே. ஊருக்குப் போகலியா?"

"ரெண்டு நாள் ரயில். போறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சுது. சார், நாளைக்குக் கோயில்ல நான் ஒரு ஜெபம் பண்ணணும். எங்க பாஷைல. அம்மாக்கு வேற பாஷை தெரியாது."

"நாளைக்கு முடியாதுப்பா. எல்லாம் அச்சடிச்சாச்சு. அடுத்த வாரம் பாப்போம்."

"சின்ன ஜெபம் சார்."

"யாருக்கும் விளங்காதுப்பா."

"அம்மாக்கு விளங்கும் சார்."

"சொன்னா கேக்க மாட்டியா? ரெண்டு வருஷமா நான் ஏற்பாடு பண்ணின பண்டிகை இது! ஒனக்கு ஜெபம் பண்ணணும்னா வெளியே வச்சுப் பண்ணு. போ! வெளியே போ!"

அவன் போனான். திரும்பினால் டீச்சர் நிற்கிறார், கையில் ஸ்கூட்டர் சாவியோடு. எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. நேரே மேசைக்கு வந்தார்.

"இது என்ன?"

"அசைவாட்டுற அப்பம், டீச்சர். நாள் கணக்கும் சரி, எண்ணிக்கையும் சரி."

"புளிப்பு எங்க?"

"போடலியே. புளிப்பு பாவத்துக்கு அடையாளம்லா?"

டீச்சர் ஓர் அப்பத்தை எடுத்து மேசையில் போட்டார். டொக் என்று கேட்டது.

"அது பஸ்காவுக்கு! இந்தப் பண்டிகைக்குப் புளிச்ச மாவுலதான் அப்பம் கேட்டிருக்கு. புளிப்போட சந்நிதிக்கு வாங்கன்னு சொன்ன நாள் இது. ரெண்டு வருஷம் எதைப் படிச்சிய?"

எனக்கு முகம் சுண்டிப்போனது.

"நாளைக்குப் படிக்கப்போற பாடத்தை வாசிங்க."

மோசேயின் கட்டளையில் இந்தப் பண்டிகையைப் பற்றிய பகுதியை அச்சடித்திருந்தேன். வாசித்தேன். கதிர்க்கட்டு, ஏழு வாரம், இரண்டு அப்பம், ஆட்டுக்குட்டிகள், அன்றைக்கு வேலை செய்யக் கூடாது.

"அவ்வளவுதான் டீச்சர்."

"இன்னும் ஒரு வசனம் இருக்கு."

"அது வயல் சங்கதில்லா? தாள்ல இடமும் இல்ல. எடுத்துட்டேன்."

"என்ன வசனம்?"

எனக்குத் தெரியும். மனப்பாடமாகவே தெரியும். அறுக்கும்போது வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, ஏழைக்கும், வேறு தேசத்திலிருந்து வந்த பரதேசிக்கும் அதை விட்டுவிடு. சொன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

டீச்சர் என் ஆராதனைத் தாளை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"ஒன்பதுலேர்ந்து பத்தே முக்கால் வரைக்கும் ஒரு நிமிஷம் விடாம அறுத்து வச்சிருக்கிய. இதுல ஓரம் எங்க அண்ணாச்சி?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கடைசி நேரத்துல வந்து பண்டிகையக் கெடுக்காதீங்க டீச்சர்!"

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!" டீச்சரும் கத்தினார். "ஓரம் விட்டுட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் ஒங்களுக்குப் பாடம் கிடையாது."

ஸ்கூட்டர் போய்விட்டது. நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தொன்பது என்று என் கையெழுத்தில் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அப்படி ஒரு நிலைமை எனக்கு வந்ததே இல்லை.

எழுந்து பேக்கரிக்கு நடந்தேன்.

"புளிக்க வச்சு ரெண்டு அப்பம் வேணும், சுடலைமுத்து."

"நான் அப்பவே சொன்னேன்லா சார்?"

"சொன்னீரு. நான்தான் கேக்கல."

விடிந்ததும் வாங்கிவந்தேன். இரண்டும் உப்பி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, மேலே வெடித்திருந்தன. அதோடு கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். பவுலூஸ் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"பவுலூஸ், இன்னைக்கு ஒன் ஜெபத்தைப் பண்ணுப்பா."

"வேணாம் சார். நேத்தே பண்ணிட்டேன். சிமெண்ட் மூட்டை பக்கத்துல நின்னு பண்ணினேன்."

"கோயிலுக்குள்ள வந்து பண்ணு."

அவன் துண்டை உதறினான். கண் சிவந்திருந்தது. "நேத்து வெளியே போன்னு சொன்னீங்க. கோயில் முகப்புத் தரை நான் போட்ட தரை சார்! ஒவ்வொரு கல்லும் என் கை! அங்க நின்னு அம்மா பேரு சொல்லக் கூடாதா?"

மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அறுபத்திரண்டு வருஷத்தில் பழகாத சொல்.

"அப்பத்தைத் தூக்கினதும் பத்து நிமிஷம் சும்மா விட்டிருக்கு. என் பேச்சை எடுத்துட்டேன். அது ஒனக்கு விட்டது. வந்தா வா."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனான்.

ஆராதனையில் நான் பாடத்தை வாசித்தேன். அச்சில் இல்லாத கடைசி வசனத்தையும் சேர்த்து வாசித்தேன். போதகர் இரண்டு அப்பத்தையும் தூக்கி அசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்தார்.

மின்விசிறி மட்டும் ஓடியது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. ஜனங்கள் தாளைப் புரட்டினார்கள். எங்கேயோ ஒரு பிள்ளை சிணுங்கியது. நாலாவது நிமிஷம் தாசையா எழுந்தார்.

"என்ன செயலாளரே, பேச்சு மறந்துபோச்சா? அடுத்த பாட்டைப் பாடலாம்லா?"

"உட்காரும்வே!"

சந்நிதி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோபத்துக்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

ஆறாவது நிமிஷம் வாசலில் சத்தம் கேட்டது.

பவுலூஸ் நின்றான். உள்ளே வரவில்லை. முகப்புக்கும் கோயிலுக்கும் நடுவில், தான் பதித்த கல்லின்மேல் வெறுங்காலோடு நின்றான். பின்னால் மற்ற மூன்று பேரும் நின்றார்கள். அவன் கண்ணை மூடவில்லை. கையைக் கட்டவில்லை. கையை நீட்டி, கூரையைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து, நேராக என்னையும் பார்த்து, உரக்கப் பேசினான். தெருவில் சண்டை போடுகிறவன் குரல் அது. நடுநடுவே ஆயோ, ஆயோ என்றான். அப்போது மட்டும் குரல் உடைந்தது. அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பத்து நிமிஷம் தாண்டியது. பதினைந்தும் தாண்டியது. யாரும் தாளைப் புரட்டவில்லை. தாசையாவின் வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முடித்ததும் ஆமென் என்றான். அது எல்லாருக்கும் விளங்கியது. சபை மொத்தமும் ஆமென் என்றது. அவன் திரும்பிப் போய்விட்டான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். முகப்புப் படியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை, அவரே வந்திருக்கிறார். சபைக்குப் பிட்டுக் கொடுத்த அப்பத்தில் ஒரு துண்டு அவர் கையில் இருந்தது. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

"புளிச்சிருக்கு," என்றார். "நல்லா இருக்கு."

"டீச்சர், அவன் ஜெபம் பண்ணினானா, இல்ல என்னைத் திட்டினானா?"

"விளங்கலியா?"

"ஆயோன்னது தவிர ஒரு எழுத்து விளங்கல. எனக்கு எரிச்சலா வருது டீச்சர். அன்னைக்கு எருசலேம்ல அத்தனை பேருக்கும் அவங்கவங்க பாஷையில விளங்கிச்சே. எனக்கு மட்டும் ஏன் விளங்கல?"

டீச்சர் அப்பத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் பேசினது யாரு?"

"சீஷர்கள்."

"அவங்க எந்த ஊரு?"

"கலிலேயா. அந்த நாட்டுக்காரங்கதான்."

"கேட்டவங்க?"

"வெளித்தேசத்துலேர்ந்து வந்திருந்தவங்க."

"அப்போ யாரு வாயில யாரு பாஷை வந்துச்சு?"

"நாட்டுக்காரங்க வாயில, வந்தவங்க பாஷை."

"எபிரேயத்துல தண்ணிக்கு என்ன அண்ணாச்சி?"

"மாயிம்."

"பவுலூஸ் இங்க எத்தனை மாசமா வேலை பாக்கான்?"

"எட்டு மாசம்."

"வந்த அன்னைக்கே ஒங்ககிட்ட தண்ணி கேட்டிருப்பான்லா?"

"கேட்டான். தமிழ்லதான் கேட்டான்."

டீச்சர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"அவன் பாஷையில தண்ணிக்கு என்ன அண்ணாச்சி?"