முப்பத்தொரு நகர்த்தல்கள்

குறுக்குப்பட்டி செஸ் கழகத்தில் உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவர் பொன்னுலிங்கம், செயலாளர் கொம்பையா, மிச்சம் அந்தோணிராசு. பக்கத்து ஊர் மாசாணத்திடம் ஐந்து வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த வருடமும் தோற்றால் கழகத்தின் அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாகப் பஞ்சாயத்துத் தலைவி சொல்லிவிட்டார்.

கொம்பையா டவுனுக்குப் போய் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். முப்பத்தொரு நகர்த்தலில் வெள்ளை ஜெயித்த ஓர் ஆட்டம் அதில் இருந்தது. ‘தொடக்கத்திலிருந்து எதையும் மாற்றாமல் ஆடிப் பழகுங்கள்’ என்று போட்டிருந்தது.

பழக உட்கார்ந்தார்கள். கறுப்பு தோற்கும் என்று தெரிந்துவிட்டதால் அந்தப் பக்கம் உட்கார ஆளில்லை. மூவரும் ஒரே பெஞ்சில் வெள்ளைக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள்.

ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாய் இரண்டு கட்டம் போயிற்று. ஐந்து நகர்த்தல் வரை தொல்லையில்லை. ஆறாவதில், ‘இங்கே வெள்ளை பதினோரு நிமிடம் யோசித்தார்’ என்று இருந்தது.

“எதப் பத்தி யோசிச்சாராம்?” என்றார் பொன்னுலிங்கம்.

“அது போடல, அண்ணாச்சி,” என்றார் கொம்பையா.

“அப்ப அவங்கவங்க விருப்பம்.”

யோசித்தார்கள். அந்தோணிராசு தன் ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று எட்டு நிமிடத்திலேயே முடிவு செய்துவிட்டு, மீதி மூன்று நிமிடம் தவித்துப் போனார்.

“ஏழாவதுல கறுப்பு தப்பு பண்ணுது,” என்றார் கொம்பையா. “மாசாணம் பண்ணலேன்னா?”

“சொன்னாத்தான வே அவனுக்குத் தெரியும்,” என்றார் பொன்னுலிங்கம்.

மறுநாள் மாசாணத்தின் சைக்கிள் கடைக்கே போய் புத்தகத்தின் அந்தப் பக்கத்து ஜெராக்ஸைக் கொடுத்தார்கள். மாசாணம் நிதானமாகப் படித்தார். மூன்று பேருக்கும் டீ வரவழைத்தார்.

போட்டி கழகத்தின் அறையிலேயே நடந்தது. பொன்னுலிங்கத்துக்கு வெள்ளைக் காய் விழுந்தது. ஏழாவதில் மாசாணம் தப்பு பண்ணவில்லை.

பொன்னுலிங்கம் நடுவரைக் கூப்பிட்டார். “சார், கையில கொடுத்தும் படிக்காம வந்திருக்காரு.”

“நீங்க ஆடுங்க,” என்றார் நடுவர்.

புத்தகத்தில் போட்டிருந்தபடியே ஆடினார். காலியாக இருந்த கட்டத்தில் குதிரை போய் வெட்டியது. ராணி தானாக நடந்துபோய் எதிரி யானைக்கு முன்னால் நின்றது. பதினான்காவதில் மாசாணம் செக்மேட் சொன்னார்.

பஞ்சாயத்துத் தலைவி சாவிக்குக் கை நீட்டினார். வாசலில் தையல் மிஷின்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பொன்னுலிங்கம் எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சு போச்சு வே. ஒம்ம ராஜாவுக்குப் போக இடமில்ல,” என்றார் மாசாணம்.

“அவரு இருபத்தெட்டாவதுலதான் கெளம்பணும்,” என்றார் பொன்னுலிங்கம். “அதுவரைக்கும் அவருக்கு எங்கயும் போற சோலி இல்ல.”