தணிகாசலத்தின் ஜன்னல் தோட்டம்

மேன்ஷனில் எட்டாம் நம்பர் அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். அதில் விழும் வெயில் மொத்தத்தையும் தணிகாசலம் தன் மரப்பெட்டித் தொட்டிக்குப் பட்டா போட்டு வைத்திருந்தார். புதிதாக வந்த ஜெபமணிக்கோ ஜவுளிக்கடை வேலை, சீருடைச் சட்டை இரண்டே இரண்டு. துவைத்தது காயாமல் ஈரவாடையோடு போய் நின்றதில், இன்னொரு தடவை இப்படி வந்தால் அப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஜன்னலில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளட்டுமா என்று அவன் பணிவாகத்தான் கேட்டான்.

கேட்டது தப்பாகப் போயிற்று. தணிகாசலம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தொட்டியில் இருந்தது சுண்டுவிரல் உயரத்துக்கு நாலு கொத்தமல்லி. அதிலும் ஒன்று படுத்த படுக்கை. ஆனால் போன வருஷம் அதே தொட்டியில் காய்த்த தக்காளி வாசல் வழியாக வெளியே போகவில்லையாம். ரசம் வைக்க ஆட்கள் அதற்குள்ளே இறங்கித் தோண்டினார்களாம். ஏணி போட்டு, என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது கட்டில் மஸ்தான் பாய் பேப்பரை இறக்காமலே, போன வருஷமும் தான் இதே அறையில்தான் இருந்ததாக நினைவூட்டினார். அப்போது பாய் ஊருக்குப் போயிருந்தார் என்று முடித்துவிட்டுத் தணிகாசலம் மிளகாய்க்கு வந்தார். அதன் நெடியில் தெருவே கண்ணைக் கசக்க, யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் என்று கடைகளை அடைத்துவிட்டார்களாம். அப்புறம் புடலங்காய். அது ஜன்னலைத் தாண்டி மின்சார ரயில் பாதையை ஒட்டியே தாம்பரம் வரை நீண்டதாம். அங்கே நாலைந்து வீட்டுக்காரர்கள் அதன்மேல் துணி காயப்போட்டார்களாம்.

தாம்பரத்துக்காரர்களுக்குக் கிடைத்த பாக்கியத்தை நினைத்து ஜெபமணிக்கு வயிறு எரிந்தது. எல்லாம் இந்த ஜன்னல் வெயிலின் மகிமைதானே என்று வாயை விட்டான். தன் பெயரை வெயில் தட்டிக்கொண்டு போவதைத் தணிகாசலத்தால் பொறுக்க முடியவில்லை.

"வெயிலா? எல்லாம் என் கைராசி தம்பி. என் செடி வெயிலத் தேடிப் போவாது, வெயில்தான் அதத் தேடி வரும். போன மழையில தொட்டிய இதே கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருந்தேன். சூரியன் குனிஞ்சு வந்து பாத்துட்டுப் போச்சு."

ஜெபமணிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்துபோய்த் தொட்டியை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கி, அவர் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளினான். ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி, சட்டையை உதறிப் போட்டான்.

"காலைல சூரியன் வந்தா, தொட்டி கீழ இருக்குன்னு சொல்லிருங்கண்ணே."

மஸ்தான் பாய் அப்போதுதான் பேப்பரை இறக்கினார்.

"பாத்துக் குனியச் சொல்லுங்க. கட்டில் கம்பி தலையில இடிக்கும்."