காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வந்த விதம்

அந்தக் காலத்தில் மனுஷன் வயிற்றுக்குள் இருப்பவர்களும் வாய்விட்டுப் பேசுவார்கள். காதை வைத்தால் வெளியே கேட்கும். உப்பளத்தில் வேலை பார்த்த மாசாணத்தின் வயிற்றில் இரண்டு பேர் இருந்தார்கள். குடலின் உள்சுவராக இருந்தவள் மெல்லி. தன் சின்னச் சின்ன விரல்களால் சோற்றிலிருந்து சத்தைப் பிடித்து உடம்புக்குக் கொடுப்பாள். அவளுக்குக் காவல் அழலன். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம்.

ஒருநாள் கலங்கல் தண்ணீரோடு ஒரு கிருமி உள்ளே நுழைந்தது. இப்போது வைரஸ் என்கிறோமே, அதே பயல்தான். நேராக மெல்லியின் விரல்களுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டது.

"எவன்டா அது?" என்று அழலன் தீப்பந்தத்தைத் தூக்கினான். மாசாணத்துக்குக் காய்ச்சல் கொதித்தது.

"அண்ணே, பொறுங்க! அவன் என் கைக்குள்ள இருக்கான். நெருப்பைப் போட்டா நானும்ல வெந்துபோவேன்!" என்றாள் மெல்லி.

"நீ சும்மா இரு தங்கச்சி. இன்னைக்கு அவனா நானான்னு பார்த்துடறேன்!"

வீசிவிட்டான். கிருமி செத்தது. செத்த பிறகாவது அந்த மடையன் நிறுத்தினானா? மூலைமுடுக்கெல்லாம் தேடித் தேடி வீசினான். கை ஓய்ந்து பார்த்தபோது மெல்லியின் விரல்கள் கருகி மொட்டையாகிக் கிடந்தன. அழலன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வெளியே காய்ச்சல் விட்டது. மாசாணத்தின் மனைவி பேச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே சேவலை அடித்துக் காரமாகக் குழம்பு வைத்தாள். "நல்லா சாப்பிடுங்க, உடம்பு தேறணும்ல" என்று அள்ளி அள்ளி வைத்தாள். மெல்லியால் எதையும் பிடிக்க முடியவில்லை. தின்றதெல்லாம் தண்ணீராய்ப் போனது. காய்ச்சலில் பிழைத்தவன் சோற்றில் சாகக் கிடந்தான்.

பேச்சி பதறிப்போய் அவன் வயிற்றில் காதை வைத்தாள். "தாயி, எம்புருஷனைக் கைவிட்டுறாத! என்ன வேணும், சொல்லு!"

"கறியும் காரமும் வேண்டாம்மா. விரல் முளைக்கிற வரைக்கும் நான் பிடிக்காமலே கையில ஊறுற மாதிரி ஏதாவது அனுப்பு."

பேச்சி நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, நீர்க்கக் கரைத்து, உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அவன் கண் தெளிந்தது. உள்ளே விரல்களும் மெல்லத் துளிர்த்தன.

அழலன் திருந்தினானா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் கிருமியைக் கண்டால் பந்தத்தை வீசிவிட்டுத்தான் யோசிக்கிறான். அதனால்தான் அன்று தொட்டு, காய்ச்சல் விட்டவன் கறிச்சோறு கேட்டு எவ்வளவு முறைத்தாலும், உள்ளே வெந்து கிடப்பவளுக்கென்று முதலில் கஞ்சி வைக்கிறோம்.